பிள்ளைகள் பார்க்கும் தொடர்கள்: நிறுத்துவதா, பூட்டுவதா, கூட உட்காருவதா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் வந்து நிற்கும். எங்கள் குடும்பத்தில் ஒரே வருஷத்தில் மூன்று வீடுகளில் வந்தது. குளச்சலில் அக்கா நெட் இணைப்பையே எடுத்துவிட்டாள். மார்த்தாண்டத்தில் நாத்தனார் நாலு இலக்க ரகசிய எண் போட்டுப் பூட்டினாள். தக்கலையில் நான் மகளோடு உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. எது எங்கே உதவியது, எங்கே காலை வாரியது என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய தொடர் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கான தொடர் இல்லை. 2019-இல் வந்த ‘யூஃபோரியா’ என்ற அமெரிக்கத் தொடரில் வருவது பள்ளிக்கூடம், நட்பு, காதல்தான், ட்ரெய்லரைப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு எடுத்தது போலவே இருக்கும். ஆனால் அமெரிக்காவிலேயே அதற்குக் கொடுத்திருப்பது பெரியவர்களுக்கான ‘டிவி-எம்ஏ’ தரம். நம் நாட்டில் 2021-இல் வந்த விதிகளின்படி ஓடிடி தளங்கள், அதாவது நெட் வழியாகப் படமும் தொடரும் காட்டும் தளங்கள், யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று பிரித்துக் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். தொடர் தொடங்கும்போது மூலையில் வயதும் காரணமும் சின்ன எழுத்தில் வந்து போகிறதே, அதுதான். நாங்கள் யாரும் ரொம்ப நாள் அதை வாசித்ததே இல்லை.

நாத்தனாரின் பூட்டை எடுத்துக்கொள்வோம். அவள் மகனுக்கு 13 வயது. எண் அவன் பிறந்த வருஷம். இரண்டாம் நாளே கண்டுபிடித்தான். எண்ணை மாற்றினாள். அவன் புதிதாக ஒரு ப்ரொஃபைல் திறந்துகொண்டான். அதற்கும் பூட்டு உண்டு என்று செட்டிங்ஸில் தேடிப் போட்டாள். அப்புறம் டியூஷனில் கூட்டுக்காரனின் செல்போன் இருந்தது. இதனால் பூட்டு வீண் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய இளையவளுக்கு ஒன்பது வயது. ரிமோட்டை அமுக்கி விளையாடும்போது கூடாத ஒன்று தானாக ஓடிவிடாமல் அது காக்கிறது. அந்த வயதுக்குப் பூட்டை விட நல்லது எதுவும் இல்லை.

ஆனால் என்ன காட்டுகிறார்கள் என்பதைத்தான் பூட்டு எண்ணும். எப்படிச் சொல்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. 2025 மார்ச்சில் வந்த ‘அடோலசன்ஸ்’ நாலே பகுதி. 13 வயதுப் பையனைக் கொலை வழக்கில் போலீஸ் பிடிப்பதில் கதை தொடங்குகிறது. கெட்ட வார்த்தையும் உண்டு, கலங்க வைக்கும் விஷயமும் உண்டு. அதையே இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளிகளில் காட்டுவதற்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அமெரிக்க வயதுக் குறியை மட்டும் பார்த்தால் ‘யூஃபோரியா’வும் இதுவும் ஒரே தட்டில் விழுந்துவிடும்.

அக்காவின் முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தான் போட்டில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப நாள்கணக்காகும். தனியாக இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். “எனக்க வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம்” என்றாள். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அதே ஹாலில், பாட்டியின் மடியில் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் சீரியல் பார்க்கிறார்கள். பாலில் விஷம், ஆள்கடத்தல், கன்னத்தில் அறை. யாருக்கும் தவறாகத் தெரியவில்லை. வெளிநாட்டுத் தொடரில் வரும் முத்தம்தான் நம்மைப் பதற வைக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவள் பார்த்தே இராத தொடர்களின் காட்சிகளைச் சொன்னாள். தோழிகளின் போனில் துண்டு வீடியோக்களாகப் பார்த்திருக்கிறாள். கதை கிடையாது, காட்சியில் வரும் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது கிடையாது. இருப்பதிலேயே மோசமான அரை நிமிஷம் மட்டும் கிடைத்திருக்கிறது. முழுத் தொடரையும் பார்ப்பதை விட இது கெடுதல் என்றே நினைக்கிறேன்.

கூட உட்காருவது லேசான வேலை இல்லை. எந்தத் தொடரானாலும் முதல் இரண்டு பகுதிகளை நான் முந்தின நாளே தனியாகப் பார்த்துவிடுவேன், தூக்கம் போகும். மாமியார் முறுக்கு டப்பாவோடு வந்து உட்காரும் நேரம் பார்த்து முத்தக் காட்சி வரும். முன்னெல்லாம் ரிமோட்டைப் பிடுங்குவேன், மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவாள். இப்போது ரிமோட்டைத் தொடுவதில்லை.

ஜூன் மழையில் ஒரு ராத்திரி பாதிப் பகுதியில் கரண்ட் போயிற்று. தொடரில் அப்போதுதான் ஒரு பெண்ணின் படத்தைப் பையன்கள் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். எமர்ஜென்சி விளக்கைக் கொளுத்தி வைத்தேன். “இது எங்க கிளாஸ்லயும் நடந்துச்சும்மா” என்றாள் மகள். யார், எப்போது என்று கேட்க நாக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். “நீ என்ன செய்தே மக்களே?” என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். 1098 என்று குழந்தைகளுக்கு ஒரு உதவி எண் இருப்பதைச் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டாள். பூட்டியிருந்தாலோ இணைப்பை எடுத்திருந்தாலோ இந்தப் பேச்சு என் காதுக்கு வந்திருக்காது.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் கூட உட்கார மாட்டேன். 2017-இல் வந்த ‘13 ரீசன்ஸ் வை’ ஒரு மாணவியின் தற்கொலையைச் சுற்றிய கதை. முதல் சீசனின் கடைசியில் அந்தச் சாவையே விரிவாகக் காட்டினார்கள். மருத்துவர்கள் எதிர்த்தார்கள், 2019 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸே அந்தக் காட்சியை வெட்டி எடுத்தது. மதிப்பெண் பயத்தில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மாதிரிக் கதையை அம்மா பக்கத்தில் இருந்தாலும் காட்டக் கூடாது. இதற்குப் பூட்டுதான் சரி. ஏன் பூட்டினேன் என்பதையும் மகளிடம் சொன்னேன். மனம் தாங்காமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம் என்று அதே மூச்சில் சொல்லி வைத்தேன்.

ஆக என் கணக்கு இது: 12 வயது வரை பூட்டு, அதற்கு மேல் கூட உட்காருவது, தற்கொலையை விரித்துக் காட்டும் தொடர் என்றால் எந்தப் பள்ளி வயதானாலும் பூட்டு. இணைப்பை எடுப்பது, கூட உட்கார ஆளே இல்லாத வீட்டில் கொஞ்ச காலத்துக்கு மட்டும்.

அடுத்த லீவுக்கு அக்கா மகள் பத்து நாள் இங்கே வருகிறாள். டிவியைப் பூட்டி வை என்று அக்கா போன் செய்தாள். இரண்டு நாள் நீயும் வந்து இரு, நாலு பேருமாகப் பார்ப்போம் என்றேன். அத்தான் கரைக்கு வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.