குல்மார்க் பனிக்கு எந்த முன்னறிவிப்பை நம்பலாம்? மாடல்கள், தளங்கள், ஸ்ரீநகர் அறிக்கை: ஓர் ஒப்பீடு

பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது, எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பதைத்தான். முன்னறிவிப்புகள் அதிகமாகப் பிசகுவதும் அந்த எண்ணில்தான். வரப்போகும் ஈரம் (பனியை உருக்கினால் கிடைக்கும் நீர்) எத்தனை மில்லிமீட்டர், உறைநிலை, அதாவது வெப்பநிலை பூஜ்ஜியம் ஆகும் மட்டம், எந்த உயரத்தில் இருக்கும், மேலே அபர்வத் முகட்டில் காற்று எவ்வளவு வேகம்: இந்த மூன்றும் தெரிந்தால் சென்டிமீட்டரை நாமே போட்டுக்கொள்ளலாம். எந்த மூலம் இந்த மூன்றையும் ஒழுங்காகக் காட்டுகிறது என்பதை வைத்தே இந்த ஒப்பீடு.

முதலில் இடத்தின் அமைப்பு. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் 3,080 மீட்டர் அளவிலுள்ள கோங்டூரியில் முடிகிறது. இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. அதற்கும் மேலே 4,200 மீட்டரை ஒட்டி அபர்வத் முகடு. கீழே அடிவாரத்தில் டங்மார்க், சுமார் 2,150 மீட்டர். இரண்டாயிரம் மீட்டர் உயர வித்தியாசம் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கீழே மழை, நடுவில் ஈரப்பனி, உச்சியில் தூள்பனி என்று ஒரே நேரத்தில் மூன்றும் பெய்வது அங்கே வழக்கம்தான்.

பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் மேலடுக்குத் தாழ்வு அது. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தில் பனி நிச்சயம் என்று பயணத் திட்டம் போட்டவர்களை 2024 ஜனவரி ஏமாற்றியது. மாதக் கடைசி வரை சரிவுகள் வெறிச்சோடிக் கிடந்தன. 2025-இல் பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைப் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். நாள்காட்டியைப் பார்த்து டிக்கெட் எடுக்கும் காலம் போய்விட்டது.

ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும்

வங்கக் கடலில் புயல் உருவாகும்போது தமிழ்நாட்டில் எந்த இரண்டு கணினி வானிலை மாடல்களை வைத்து விவாதம் நடக்கிறதோ, அதே இரண்டுதான் இங்கும். மாடல் நிலப்பரப்பைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய மாடலின் (ECMWF) கட்டம் 9 கிலோமீட்டர். அமெரிக்க ஜிஎஃப்எஸ் (GFS) மாடலின் கட்டம் 13 கிலோமீட்டர். முன்னது 15 நாள், பின்னது 16 நாள் வரை ஓடுகிறது. இரண்டும் ஒரு நாளில் நான்கு முறை புதிதாகக் கணக்கிடப்படுகின்றன.

ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும் புயலைப் பொறுத்தவரை ஜிஎஃப்எஸ்ஸை நம்பி விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பத்தாம் நாளில் ஒரு மீட்டர் பனி காட்டும். ஆறு மணி நேரம் கழித்து அடுத்த கணக்கில் அது பத்து சென்டிமீட்டராகச் சுருங்கும். அதற்கடுத்ததில் ஒரு நாள் தள்ளிப்போகும். ஐரோப்பிய மாடலும் மாறும், ஆனால் இவ்வளவு குதிக்காது. நான்கு முதல் ஏழு நாள் தூரத்தில் மேலடுக்குத் தாழ்வின் பாதையைக் கணிப்பதில் அதன் கைதான் ஓங்கியிருக்கிறது.

ஆனால் இரண்டிலுமே ஒற்றைக் கணக்கைவிடக் கூட்டுக் கணிப்புதான் பயன்படும். தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஐரோப்பிய மையம் 51 முறையும் அமெரிக்க மையம் 31 முறையும் மாடலை ஓட்டுகின்றன. 51-இல் 40 கணக்குகள் மூன்று நாளில் 30 மில்லிமீட்டருக்கு மேல் காட்டினால் விடுப்புக்கு எழுதிப்போடலாம். பத்துக் கணக்குகள் 80 மில்லிமீட்டரும் மீதி எல்லாம் ஐந்துக்குக் குறைவாகவும் காட்டினால், சராசரி பார்க்க அழகாக இருக்கும், அர்த்தம் இருக்காது. இன்னும் இரண்டு நாள் பொறுப்பதே நல்லது.

அமெரிக்க மாடலுக்கு ஒரு சாதகம், சீக்கிரம் வந்துவிடும். இந்திய நேரம் காலை 5.30-க்கான கணக்கு ஏறத்தாழ 9 மணியிலிருந்து 10.30-க்குள் கைக்கு வரும். அதே நேரத்துக்கான ஐரோப்பியக் கணக்கு முற்பகல் 11.30-க்கு மேல் பிற்பகல் 1 மணி வரை வந்துகொண்டிருக்கும். ஆகவே காலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், புதிய அமெரிக்கக் கணக்கைப் பழைய ஐரோப்பியக் கணக்கோடு ஒப்பிடுகிறார். “மாடல்கள் முரண்படுகின்றன” என்ற புலம்பலில் பாதி இதனால் வருவது. எந்த நேரத்துக் கணக்கு என்பதைத் திரையின் மூலையில் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான குறை நிலவடிவம். ஒன்பது கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்குள் டங்மார்க், குல்மார்க், அபர்வத் மூன்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் முகடு காணாமல் போகும். மாடலின் மலை நிஜ மலையைவிடத் தாழ்வு. எனவே அது சொல்லும் தரைமட்ட வெப்பநிலை உச்சிக்குப் பொருந்தாது, தரைமட்டக் காற்று அதைவிடப் பொருந்தாது. விண்டி என்னும் வானிலை வரைபடச் செயலியில் உயர அளவை மாற்றிப் பாருங்கள். அங்கே உயரத்தைக் காற்றழுத்த அலகான ஹெக்டோபாஸ்கலில் குறிப்பார்கள். 700 ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் 3,000 மீட்டர், அதாவது கோங்டூரி. 600 ஹெக்டோபாஸ்கல் சுமார் 4,200 மீட்டர், அதாவது முகடு. தரைமட்டத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் காட்டும் நாளில் 600-இல் 70 இருக்கலாம். அப்படி இருந்தால் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஓட வாய்ப்புக் குறைவு.

மூன்று உயரம் காட்டும் தளங்கள்

ஸ்னோ-ஃபோர்காஸ்ட் போன்ற தளங்கள் அடிவாரம், நடு, உச்சி என்று மூன்று உயரங்களுக்குத் தனித்தனி அட்டவணை தருகின்றன. உறைநிலை உயரமும் ஒரு வரிசையில் இருக்கும். முதல் பார்வைக்கு இதைவிட வசதியானது கிடையாது. சிக்கல் சென்டிமீட்டர் வரிசையில்தான். ஒரு மில்லிமீட்டர் ஈரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்ற கணக்கு பல செயலிகளின் அடியில் ஓடுகிறது. எல்லா உயரத்துக்கும் அது சரிவராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் ஈரம், உறைநிலை 2,900 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி உருகாமல் தரையைத் தொடும் கோடு, உறைநிலைக்கு 200 முதல் 300 மீட்டர் கீழே இருக்கும். ஆக, அது குல்மார்க் ஹோட்டல் வாசலிலேயே வந்து நிற்கிறது. அங்கே சொதசொதப்பு, நடுநடுவே மழை. கோங்டூரியில் வெப்பநிலை மைனஸ் 1. ஈரத்தைப்போல் பனியின் உயரம் எட்டு மடங்கு. 32 சென்டிமீட்டர் கனத்த பனி. கோண்டோலா உச்சிக்கு, உறைநிலையிலிருந்து 1,050 மீட்டர் மேலே, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறைத்தால் மைனஸ் 7. அங்கே பதினொன்று, பன்னிரண்டு மடங்கு. 45 சென்டிமீட்டர் அளவில் நல்ல பனி. பத்து மடங்கு என்று எல்லா இடத்துக்கும் போடும் செயலி மூன்று வரிசையிலும் 40 என்று எழுதிவிட்டுப் போயிருக்கும்.

இதில் இரண்டு திருத்தங்கள். பொழிவு கனமாகவும் பள்ளத்தாக்கில் காற்று மந்தமாகவும் இருந்தால், உருகும் பனியே சுற்றுக்காற்றைக் குளிர்விக்கும். பனிக்கோடு கணக்கைவிட இன்னும் கீழே இறங்கும். மழை என்று போட்ட இடத்தில் நள்ளிரவுக்கு மேல் பனி கொட்டுவது இப்படித்தான். இரண்டாவது, காற்று. உலர்ந்த புதுப்பனி மணிக்கு 25 கிலோமீட்டர் அளவிலேயே நகரத் தொடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து காற்று அடித்தால் முகட்டின் காற்றுமுகப் பக்கம் துடைத்துப்போகும். கோண்டோலா இருக்கும் கிழக்கு, வடகிழக்குச் சரிவுகளில் அந்தப் பனி போய்ச் சேரும். 45 சென்டிமீட்டர் ஓரிடத்தில் பத்தாகவும் இன்னோரிடத்தில் நூறாகவும் ஆகும். எந்தத் தளமும் இதைக் காட்டாது.

ஸ்ரீநகர் வானிலை மையம்

இந்திய வானிலைத் துறையின் ஸ்ரீநகர் மையம் தரும் அறிக்கையைப் பலர் சலிப்போடு தாண்டிப்போகிறார்கள். சில இடங்களில், பல இடங்களில் என்று பட்டும் படாமலும் எழுதியிருப்பதாகத் தோன்றும். அந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. ஓரிரு இடங்கள் என்றால் பரப்பில் 25 சதவீதம் வரை, சில இடங்கள் 50 வரை, பல இடங்கள் 75 வரை, பெரும்பாலான இடங்கள் அதற்கு மேல். அது அளவைச் சொல்லவில்லை, பரவலைச் சொல்கிறது. பெரும்பாலான இடங்கள் என்று வந்த நாளில் குல்மார்க் அமைந்துள்ள பீர் பஞ்சால் மலைத்தொடர் தப்பிப்பது அபூர்வம்.

பாதையும் விமானமும் பற்றிய முடிவுக்கு இந்த அறிக்கையும் அதன் நிற எச்சரிக்கையும்தான் முதல் ஆதாரம். டங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரையுள்ள 13 கிலோமீட்டர் ஏற்றத்தில் பனி விழுந்துவிட்டால் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை உள்ள (4x4) வண்டியோதான் ஏறும். ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவதும் அதே நாள்களில். புயலுக்கு முந்தின நாளே மேலே போய்ச் சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று அதனிடம் மட்டுமே இருக்கிறது: காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் குல்மார்க்கில் உண்மையாக அளந்த பனி. மாடல் சொன்னதையும் அளந்ததையும் நான்கைந்து புயலுக்குக் குறித்துவைத்தால், எந்த மாடல் எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்பது பிடிபடும். அளவீடு கிராமத்து உயரத்தில் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அடுத்த சில மணி நேரத்துக்கு எந்த மாடலும் வேண்டாம். இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் வடக்குப் பாகிஸ்தான் மேல் மேகம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஸ்ரீநகர், பனிஹால் டாப் ராடார்களும் உதவும், மலை மறைக்கும் திசைகளைத் தவிர. செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பற்றி ஒரு வரி போதும்: தாழ்வின் பாதைக்கு நன்று, கட்டம் பெரிதாக இருப்பதால் மலைப் பனியின் அளவுக்கு உதவாது.

பனிச்சரிவு: இங்கே ஒப்பீட்டின் விதி வேறு

2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர். இரண்டாவது நிகழ்வு, வறண்ட ஜனவரிக்குப் பிறகு வந்த கனத்த பனியை அடுத்து நடந்தது. நல்ல பனி என்று முன்னறிவிப்பு கொண்டாடும் நாள்தான் பனிச்சரிவு ஆபத்தும் உச்சத்தில் இருக்கும் நாள்.

இதற்கும் இரண்டு மூலங்கள். சண்டிகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஜிஆர்இ தரும் எச்சரிக்கை, பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியாக வருகிறது. பாரமுல்லா மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரம், நடுத்தர ஆபத்து என்ற வடிவில் இருக்கும். சாலைக்கும் ராணுவ முகாமுக்கும் கிராமத்துக்கும் அது போதுமானது. எந்தத் திசைச் சரிவு, பனியில் என்ன அடுக்கு என்பதெல்லாம் சறுக்குபவருக்குத்தான் தேவை. அதற்குக் குல்மார்க் ஸ்கி ரோந்துக் குழுவின் வாய்ச்சொல் மாவட்ட அறிக்கையைவிட மேல். இரண்டும் வேறுபட்டால் கடுமையானதை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் சராசரி கிடையாது.

மாடல் வரைபடத்திலிருந்தே ஒரு முன்குறிப்பு எடுக்கலாம். புயல் மிதமான வெப்பத்தில் தொடங்கிக் குளிர்ந்துகொண்டே முடிந்தால், கனத்த பனி அடியிலும் லேசானது மேலேயும் அமையும். ஓரளவு பிடிப்பு இருக்கும். குளிரில் தொடங்கி வெப்பம் ஏறினால் தலைகீழ், லேசான அடுக்கின் மேல் பாரம். உறைநிலை உயரம் புயலின் போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் தெளிவான குளிர் வானம் இருந்திருந்தால், மெல்லிய பழைய பனி சர்க்கரைபோலப் பொலபொலத்திருக்கும். அதன் மேல் எது விழுந்தாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளைச் சில நாள் விட்டுவிடுவதே சரி.

நாள்கணக்கில் சொன்னால், ஏழு நாளுக்கு முன் ஐரோப்பியக் கூட்டுக் கணிப்பு. மூன்று நாளுக்கு முன் ஐரோப்பிய மாடலின் உறைநிலையும் 600 ஹெக்டோபாஸ்கல் காற்றும், சரிபார்க்க ஜிஎஃப்எஸ். முந்தின நாள் ஸ்ரீநகர் அறிக்கை. அன்று காலை ரோந்துக் குழு. மூன்று உயரத் தளத்தில் உறைநிலை வரிசையை மட்டும் படியுங்கள், சென்டிமீட்டர் வரிசையை விட்டுவிடுங்கள். இரண்டாம் கட்டம் திறக்கவில்லை என்றால் கோங்டூரிக்கும் கிராமத்துக்கும் இடையிலுள்ள மரச்சரிவுகள் இருக்கின்றன. முகட்டில் காற்று பனியை அள்ளும் நாளில் நல்ல பனி கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான், உறைநிலை 2,600 மீட்டருக்குக் கீழே இருக்கும் பட்சத்தில்.