எம்.எம். 540 டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓவர்ஹால் கிட்: ஷாஃப்ட் சரி, சீல் சரியில்லை

மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்காக (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வடக்கே ஒரு கடையிலிருந்து ஆன்லைனில் வரவழைத்த ஓவர்ஹால் கிட் பற்றி எழுதுகிறேன். பெட்டியில் கம்பெனிப் பெயர் கிடையாது, ஒரு ஸ்டிக்கரும் பார்சல் நம்பரும்தான். விலை மூவாயிரத்துச் சொச்சம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே சுழலும் சாமான்களுக்காக வாங்கலாம், எண்ணெய் ஒழுக்கை நிறுத்த என்றால் வேண்டாம்.

எங்களுக்குக் கடலூர் கேப்பர் மலைப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செம்மண் மேட்டில் டிராக்டருக்கு அடுத்தபடியாக ஏறுவது ஃபோர் வீல் போட்ட ஜீப்தான். எங்கள் வண்டியில் மூன்று புகார் சேர்ந்துவிட்டது. நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய்த் திட்டு. லோ கியரில் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பழைய ஜீப்பை அறியாதவர்களுக்கு இந்த மூன்றாவது புரியாது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க யோக்கோடு (பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை மாட்டும் முனை) இருக்கிறது. அங்கே எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் போனால் எண்ணெய் நேராக பிரேக் ஷூவில்தான் குளிக்கும். புது ஷூ மாட்டிவிட்டு அது வழுக்குகிறது என்று ஷூக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்று நேற்று வந்ததில்லை. 1941-ல் போருக்காக வில்லிஸ் ஜீப்பில் வந்த ஸ்பைசர் 18 வகைதான். அமெரிக்க ஜீப்களில் 1971 வரை ஓடியது, நம்மூரில் அதற்கப்புறமும் நெடுநாள் ஓடியது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தி நேராகப் பின்சக்கரத்துக்குப் போகாது. நடுவில் ஒரு இடைக் கியரைத் தாண்டித்தான் போகும். டூ வீலில் தார் ரோட்டில் போனாலும் அந்தக் கியர் பாரத்தோடு சுழன்றுகொண்டே இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட்டோ சுழலாது, பூட்டுத் தகடு போட்டு நிறுத்தியிருப்பார்கள். அதனால் பாரம் முழுக்க ஷாஃப்ட்டின் ஒரே பக்கத்தில் விழுகிறது. எங்களுடையதைக் கழற்றியபோது மூன்று பக்கம் புதுசு மாதிரி பளபளப்பு. நான்காவது பக்கத்தில், ஊசி மாதிரி மெல்லிய உருளைகளான நீடில் ரோலர் ஓடிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குத் தடம். வடித்த எண்ணெயில் பித்தளைத் தூள் மின்னியது, கியரின் பக்கவாட்டு உரசலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் கரைந்ததன் அடையாளம்.

கிட்டில் நல்லது எதுவென்றால் இந்த ஷாஃப்ட்தான். அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், பல் பிடிக்காமல் வழுக்கியது. மேல்பரப்பு நன்றாகவே கடினப்படுத்தப்பட்டிருக்கிறது. லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்ததில் இரண்டு முனையும் நடுப்பகுதியும் ஒரே அளவு. கேஸின் துளையில் கையால் நுழையாமல், மெல்லத் தட்டினால் மட்டும் ஏறியது. அப்படித்தான் இருக்க வேண்டும், லூசாகப் போனால் அந்த ஓரத்திலேயே எண்ணெய் கசியும். ஆர்டர் போடுமுன் பழைய ஷாஃப்ட்டை அளந்துகொள்ளுங்கள். முக்கால் இன்ச், ஒன்றே அரைக்கால் இன்ச், ஒன்றேகால் இன்ச் என்று இந்த வகையில் மூன்று தடிமன் உண்டு. "ஜீப்புக்கு" என்று மட்டும் கேட்டு வாங்கினால் எது வரும் என்பது அவரவர் ராசி.

நீடில் ரோலர்களும் குறையில்லை. ஒன்றுக்கொன்று அளவு வித்தியாசம் தெரியவில்லை. கிரீஸைத் தடவி ஒவ்வொன்றாகக் கியருக்குள் ஒட்டி அடுக்கி, அடிமூடித் திறப்பு வழியாக உள்ளே கொண்டுபோய் ஷாஃப்ட்டை ஏற்றும் வேலைக்குப் பொறுமை வேண்டும். த்ரஸ்ட் வாஷரின் நாக்கு ஒன்று கேஸின் பள்ளத்தில் உட்காரவில்லை, அரத்தால் லேசாகத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. பேப்பர் பேக்கிங் எல்லாத் துளைக்கும் பொருந்தியது; இரண்டு பக்கமும் அனபாண்ட் பசையை மெல்லிசாகத் தடவிப் போட்டேன். டேப்பர் பேரிங் இரண்டும் சத்தமில்லாமல் சுழல்கின்றன. எத்தனை வருஷம் தாங்கும் என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும்.

இனி சீல். கிட்டில் வந்த யோக் சீல்களின் ரப்பர் விறைப்பாக இருந்தது. யோக்கை உரசும் உதட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சுருள் ஸ்பிரிங் ஒன்றில் இணைப்பே விட்டிருந்தது. லீவர் கம்பிகளுக்கான இரண்டு குட்டி சீல்களில் ஒன்று துளையில் லொடலொடவென்று ஆடியது. எண்ணெய் ஒழுகுகிற கேஸுக்கு விற்கிற கிட்டில் சீல் இப்படி இருந்தால் எங்கே போய்ச் சொல்வது.

டீசல் போடப் பாண்டிச்சேரி போகிற சாக்கில் நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் நின்றேன். இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், டீசலும் நம்மூரைவிட விலை குறைவு. கவுண்டரில் இருந்தவர் வண்டிப் பெயரையே கேட்கவில்லை. "அண்ணே, பழைய சீல எடுத்தாந்தீங்களா?" என்றார். அதன் முகத்தில் பொறித்திருந்த உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் படித்து, பரண் மேலிருந்து அதே அளவில் நல்ல பிராண்டு சீலை எடுத்து வைத்தார். கிட் சீலையும் காட்டினேன். இரண்டு விரலால் உதட்டை மடக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு சீலும் சேர்த்து நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஆனால் சீல் மாற்றினால் மட்டும் ஒழுக்கு நிற்காது. லேத் பட்டறைப் பெரியவர் யோக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பி, "சீல் மேல ஏன் தம்பி பழி போடுற? இதப் பாரு" என்றார். சீல் உதடு உரசிய இடத்தில் வளையமாக ஒரு பள்ளம். புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மறுபடி அதே கதைதான். இதற்கு வழி மூன்று. யோக்கை மாற்றலாம். எஸ்.கே.எஃப். விற்கிற ஸ்பீடி ஸ்லீவ் போடலாம், அது 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை, பள்ளத்தை மூடிவிடும், சீல் அளவும் மாறாது. பள்ளம் ஒரே இடத்தில் குறுகலாக இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி உட்காரவைத்து, உதட்டைப் புதுத் தடத்தில் ஓடவிடலாம். பின் யோக்குக்கு ஸ்லீவ் போட்டேன். முன் யோக்கில் பள்ளம் மெல்லிசு என்பதால் சீலைத் தள்ளியே வைத்தேன். ஒழுக்கு நின்றது இதனால்தான். கிட்டுக்கு இதில் பங்கே இல்லை.

வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் தனியாக வேண்டாம். டிரம்மோடு சேர்த்து கேஸ் நல்ல கனம், படுத்துக்கொண்டு நெஞ்சில் தாங்குகிற சாமான் இல்லை. கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்த பிறகுதான் குறுக்குத் தாங்கியைக் கழற்ற வேண்டும். இன்னொன்று, கேஸைப் பின்னால் இழுக்கும்போது கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் கூடவே வரப் பார்க்கும். வந்துவிட்டால் கியர்பாக்ஸையும் பிரித்தாக வேண்டும். கியர்பாக்ஸின் மேல்மூடியைத் திறந்து கியருக்குப் பின்னால் கம்பியைச் சுற்றி முன்பக்கமாகக் கட்டிவைத்தால் ஷாஃப்ட் அசையாது. லீவர் கம்பிகளை உருவும்போது ஸ்பிரிங்கும் குண்டும் தெறிக்கும், ஒரு துணியால் மூடிக்கொண்டு உருவுங்கள். இரண்டு கம்பிக்கும் நடுவில் மாத்திரை மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். முன்சக்கரம் சேராமல் லோ கியர் விழக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. லோவில் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அத்தனையும் பின் ஆக்ஸில் மேல் மட்டும் விழுந்தால் அது தாங்காது.

இப்போது தோப்பில் மழைக்கு ஓட்டியாயிற்று. அடியில் போட்ட அட்டை காய்ந்தே கிடக்கிறது, லோ கியர் நழுவவில்லை. ஹேண்ட் பிரேக் மேட்டிலேயே வண்டியை நிறுத்துகிறது. ஷூவைப் புதிதாகப் போட்டேன், எண்ணெய் குடித்ததை பெட்ரோலில் கழுவிப் பயனில்லை. கியர் இரைச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. இந்த அமைப்பில் அது போகவும் போகாது, யாராவது போகும் என்று சொல்லிக் கிட் விற்றால் நம்பாதீர்கள்.

ஒரு குறை பாக்கி. டேப்பர் பேரிங்கை மாற்றினால், யோக் மாட்டியிருக்கும் அவுட்புட் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை ஷிம் (மெல்லிய தகடு) போட்டு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். கிட்டில் பேரிங் இருக்கிறது, ஷிம் ஒன்றுகூட இல்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். "பழைய ஷிம்மையே போடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்று பதில் வந்தது. பழைய ஷிம்மோடு மாட்டி, லேத் பட்டறையில் கேட்டு வாங்கிய டயல் கேஜை வைத்துப் பார்த்தால் ஆட்டம் அரை மில்லிமீட்டரைத் தொட்டது. ஷிம் செட்டையும் நெல்லித்தோப்பில்தான் வாங்கினேன்.