கிராம்பிலிருந்து ஃபெருலிக் அமிலம்: என்ஏடி மீட்புக்கு எந்த நொதி?

கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளையும் மாறாமலையின் சரக்கு மொட்டாகவும் எண்ணெயாகவும் மட்டுமே மலையிறங்குவதில் எனக்கு நிறைவில்லை. அந்த எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால். வெனிலைல் ஆல்கஹால் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைக் கோனிஃபெரில் ஆல்கஹாலாக மாற்றும். அது ஆல்டிஹைடாகி, பிறகு ஃபெருலிக் அமிலமாகும். வெனிலா மணம் தரும் வெனிலினுக்கு முந்தைய படி அதுதான்.

கடைசி இரண்டு படிகளிலும், நொதிக்குத் துணையாக நின்று ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும் என்ஏடி⁺ படிக்கு ஒன்றாகச் செலவாகி என்ஏடிஎச் ஆகிறது. விலை உயர்ந்த பொருள், என்ஏடிஎச்சை இன்னொரு நொதியால் மறுபடி என்ஏடி⁺ ஆக்கி மீட்காமல் கட்டுப்படியாகாது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதை ஆய்வுத் திட்டமாக எடுக்கும் மாணவர்கள் முதலில் லாக்கேஸ் பக்கம் போகிறார்கள். ஆக்சிஜனை நீராக்கும், கூட எலக்ட்ரானைக் கடத்தித் தரும் ஒரு மீடியேட்டர் போதும் என்பது உண்மைதான். ஆனால் நம் பொருள்கள் எல்லாமே ஃபீனால்கள். கோனிஃபெரில் ஆல்கஹாலை லாக்கேஸ் லிக்னின் போலக் கோத்துப் பிசினாக்கிவிடும். இந்த வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸுக்கு அம்மோனியா தேவை. அது ஆல்டிஹைடோடு சேர்ந்து இமைனாகும் அபாயம் உண்டு. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸுக்குக் கொடுக்கும் அசிட்டோன் மலிவு, ஆனால் சமநிலையை நம் பக்கம் இழுக்க அதை நிறைய ஊற்ற வேண்டும், அந்த அடர்த்தியை எல்லா நொதியும் தாங்காது.

உண்மையான போட்டி என்ஏடிஎச் ஆக்சிடேஸுக்கும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸுக்கும்தான்.

ஆக்சிடேஸ் ஆக்சிஜனைக் கொண்டு வேலை செய்யும்; அதில் நீரைத் தருவது ஒரு வகை, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருவது இன்னொரு வகை. இரண்டாவதை எல்லோரும் ஒதுக்குவார்கள். ஆனால் முதல் படி நொதியே பெராக்சைடைத் தருவதால், ஒரே கலத்தில் செய்தால் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி எப்படியும் அங்கே இருக்கும். அது பாதி ஆக்சிஜனைத் திருப்பித் தருவதால் இரு வகைக்கும் நிகரச் செலவு ஒன்றே. ஆக்சிஜன்தான் நெருக்கடி: 30 டிகிரியில் லிட்டர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். காற்றை வேகமாகக் குமிழ விட்டால் நுரையில் நொதி கெடும்.

லாக்டேட் டிஹைட்ரோஜினேஸுக்குக் காற்று வேண்டாம். பைருவேட்டை லாக்டேட்டாக்கும்; சமநிலை முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. லாக்டேட் கலந்துவிடுமே என்ற பயம் இங்கே பொருந்தாது. அமிலமாக்கிக் குளிரவைத்தால் ஃபெருலிக் அமிலம் படியும், லாக்டிக் அமிலம் நீரிலேயே நிற்கும்.

கல்லூரி ஆய்வகத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். நொதி கடையில் கிடைக்கும். பைருவேட் செலவு உறுத்தும் அளவுக்கு வளர்ந்தால் ஆக்சிடேஸுக்கு மாறலாம். எதுவானாலும் யூஜெனால் படியைத் தனிக் கலத்தில் முடித்துவிடுங்கள். அந்த நொதி பிஎச் 10 அருகே நன்றாக ஓடும். மீட்பு நொதிகள் பெரும்பாலும் 7ஐ ஒட்டியே வேலை செய்யும்.