விஏ லோனில் முதல் வீடு வாங்கப் போகிறீர்களா? லெண்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து, விஏ (அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை) லோனில் முதல் வீடு வாங்கப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மவர்களில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று தோன்றலாம். இருக்கிறார்கள். 2009-ல் ஆள் எடுக்கத் தொடங்கி 2016-ல் நிறுத்தப்பட்ட மாவ்னி என்ற, வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தில், ராணுவம் தனக்குத் தேவை என்று பட்டியல் போட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. மாணவர் விசாவிலும் எச்1பி-யிலும் இங்கே இருந்தவர்கள் அதில் சேர்ந்து குடியுரிமை பெற்றார்கள். என் கணவரும் அப்படிச் சேர்ந்தவர்தான். இப்போது அவர் வயதுக்காரர்கள் பலரும் சேவை முடித்து, கல்யாணம், குழந்தை என்று ஆகி, வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். டெக்சஸில், சான் அன்டோனியோவில் எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விஏ நமக்குக் கடன் கொடுப்பதில்லை. கொடுப்பது வங்கியோ மார்ட்கேஜ் கம்பெனியோதான். கடனில் ஒரு பகுதிக்கு, பொதுவாகக் கால்வாசிக்கு, விஏ உத்தரவாதம் நிற்கிறது. 1944-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட, ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்கான ஜிஐ பில் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் டவுன் பேமெண்ட் இல்லாமல், மாதாமாதம் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் கட்டாமல் கடன் கிடைக்கிறது. ஆனால் வட்டி எவ்வளவு, பாயிண்ட் (வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் பணம்; ஒரு பாயிண்ட் என்றால் கடனில் ஒரு சதவீதம்) எவ்வளவு என்று முடிவு செய்வது லெண்டர், அதாவது கடன் கொடுக்கும் கம்பெனி. ஒரே நாளில், ஒரே கிரெடிட் ஸ்கோருக்கு, இரண்டு கம்பெனிகள் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசத்தில் கோட் தருவார்கள். ‘விஏ அப்ரூவ்டு லெண்டர்’ என்ற போர்டுக்கு, அந்தக் கடனைக் கொடுக்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறது என்பதற்கு மேல் எந்த அர்த்தமும் கிடையாது.

எங்கள் லோன் ஆஃபீசர் தானும் முன்னாள் ராணுவத்துக்காரர் என்றார். முதல் போனிலேயே என் கணவரை ‘பிரதர்’ என்று கூப்பிட்டு, எந்த யூனிட், எந்த பேஸ், எங்கெல்லாம் போஸ்டிங் என்று விசாரித்தார். “நாங்கள் வெட்டரன்களுக்கு மட்டும்தான் லோன் கொடுக்கிறோம், உனக்கு 6 சதவீதம் வாங்கித் தருகிறேன்” என்றார். அதே வாரம் ஒரு கிரெடிட் யூனியன் எங்களுக்குச் சொன்ன வட்டி 6.25, பாயிண்ட் எதுவும் இல்லாமல். கேட்பதற்கு 6 நன்றாகத்தானே இருக்கிறது. சேவையில் இருந்தவர்களுக்கு, தங்களைப் போலவே சீருடை போட்ட ஒருவர் சொல்லும் வார்த்தை மீது இருக்கும் நம்பிக்கை வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. அந்த நம்பிக்கையை ஒருவர் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பணம் கூட அப்புறம்தான்.

வீட்டின் விலை 3,12,000 டாலர். ஒப்பந்தம் கையெழுத்தானதும் லோன் எஸ்டிமேட், அதாவது கடனின் வட்டியையும் கட்டணங்களையும் காட்டும் தாள், வந்தது. வீட்டு முகவரி, வருமானம் எல்லாம் கொடுத்து விண்ணப்பித்தால் மூன்று வேலை நாளுக்குள் லெண்டர் இதை அனுப்பியே ஆக வேண்டும், அது சட்டம். எல்லா லெண்டருக்கும் ஒரே படிவம். அதன் முதல் பக்கத்தில், வலது பக்கம் மேலே, ‘ரேட் லாக்’ என்று ஒரு வரியும் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்களும் இருக்கும். எங்களுடையதில் ‘நோ’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. “என்னங்க, ரேட்டை இன்னும் லாக் பண்ணலையா?” என்று இவரிடம் கேட்டேன். இவர் உடனே போன் போட்டார். “வட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது பிரதர், சரியான நேரம் பார்த்து நானே லாக் செய்கிறேன், கவலைப்படாதே” என்று பதில் வந்தது. அந்த எஸ்டிமேட்டில் பாயிண்ட் என்ற இடத்தில் கால் சதவீதம்தான் இருந்தது, 780 டாலர்.

லாக் செய்யாத வரைக்கும் வட்டியும் மாறலாம், பாயிண்டும் மாறலாம். லாக் செய்த பிறகுதான் லெண்டர் அவற்றை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மூன்று வாரம் கழித்து, இரவில், ஆன்லைனில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பெரிய கட்டு ஆவணங்கள் வந்தன. திருத்திய லோன் எஸ்டிமேட் அதற்குள் எங்கோ நடுவில் இருந்தது. அனுப்பும்போது அவர் சொன்னது: “சந்தோஷமான செய்தி, 6 சதவீதத்துக்கு லாக் ஆகிவிட்டது, காலைக்குள் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் லாக் போய்விடும்.” பாயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

க்ளோசிங் டிஸ்க்ளோஷர், அதாவது வீடு கைமாறும் நாளுக்கு (க்ளோசிங்) முன்னால் வரும் இறுதிக் கணக்குத் தாள், வந்தபோதுதான் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. இரண்டாம் பக்கம், ‘ஏ’ பிரிவு. லெண்டர் தனக்காக வாங்கும் கட்டணம் எல்லாம் இந்தப் பிரிவில்தான் வரும். முதல் வரியில் 1.875 சதவீதம் பாயிண்ட், 5,850 டாலர். அடுத்து ஒரு சதவீதம் ஒரிஜினேஷன், அதாவது கடனைத் தயார் செய்வதற்கான கட்டணம், 3,120. அதற்கும் கீழே ப்ராசஸிங் ஃபீ, டாக்குமெண்ட் தயாரிக்கும் ஃபீ என்று தனித்தனியாக இரண்டு. அப்புறம் ‘பி’ பிரிவில், உத்தரவாதத்துக்காக விஏவுக்குப் போகும் ஃபண்டிங் ஃபீ 2.15 சதவீதம், 6,708 டாலர்.

பாயிண்ட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 6 சதவீதத்துக்கும் கிரெடிட் யூனியன் சொன்ன 6.25-க்கும் மாதத் தவணையில் வித்தியாசம் சுமார் 50 டாலர். 5,850 டாலரை மாதம் 50 வீதம் மீட்க ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும். அதற்குள் வீட்டை விற்றாலோ, வட்டி இறங்கி ரீஃபைனான்ஸ் செய்தாலோ (புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பது) போட்டது போட்டதுதான். இன்னொன்று, வீடு வாங்கும் விஏ லோனில் ஃபண்டிங் ஃபீயை மட்டும்தான் கடனோடு சேர்க்கலாம். பாயிண்டைக் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விற்பவர் கட்ட வேண்டும். மேஜை நாற்காலிக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்று எடுத்துவைத்த பணம் அங்கே போனது.

இரண்டு இடத்தில் சண்டை போட்டு ஜெயித்தோம். அதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு விதிகளைத் தெரிந்து வைத்திருந்தால் நீங்களும் ஜெயிக்கலாம்.

ஒன்று, அந்த ஒரு சதவீதம். விஏ விதிப்படி லெண்டர் தன் வேலைக்காகக் கடன் தொகையில் ஒரு சதவீதம் வரை ஒட்டுமொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதை முழுதாக வாங்கிவிட்டால், ப்ராசஸிங், அண்டர்ரைட்டிங், டாக்குமெண்ட் தயாரிப்பு என்று பெயர் மாற்றி அதற்கு மேல் நம்மிடம் வசூலிக்கக் கூடாது. அப்ரைசல், கிரெடிட் ரிப்போர்ட், டைட்டில், பதிவுக் கட்டணம் போன்றவை வேறு கணக்கு, அவற்றை வாங்கலாம். இதை எடுத்து மெயிலில் எழுதி, விஏ ரீஜனல் லோன் சென்டருக்கும் அனுப்பப்போகிறோம் என்றேன். அன்று மாலையே அந்த இரண்டு வரிகளும் காணாமல் போயின. தவறு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. திருத்திய தாள் மட்டும் வந்தது.

இரண்டு, ஃபண்டிங் ஃபீ. சேவையால் வந்த உடல் பாதிப்புக்காக விஏவிடமிருந்து மாத இழப்பீடு வாங்குபவர்கள் இந்த ஃபீயைக் கட்ட வேண்டியதே இல்லை. என் கணவருக்கு முழங்காலுக்கும் காதில் ஓயாத இரைச்சலுக்கும் ரேட்டிங், அதாவது விஏ நிர்ணயித்த பாதிப்பு அளவு, உண்டு. நாங்கள் வீடு தேட ஆரம்பித்தபோது லெண்டர் எடுத்த தகுதிச் சான்றிதழில், சிஓஇ என்பார்கள், ஃபண்டிங் ஃபீ வரியில் ‘நான்-எக்ஸெம்ப்ட்’ என்று இருந்தது. இடையில் ரேட்டிங் கடிதம் வந்துவிட்டது. அன்றைக்கே அதை லோன் ஆஃபீசருக்கு அனுப்பினோம். “கிடைத்தது, பார்த்துக்கொள்கிறேன்” என்று பதிலும் வந்தது. புதிய சான்றிதழை மட்டும் எடுக்கவில்லை. கேட்டபோது, “இப்போது கட்டிவிடுங்கள், பிறகு ரீஃபண்ட் வரும்” என்றார். 6,708 டாலரைக் கடனில் ஏற்றி அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டுமாம். என் கணவரே விஏ தளத்தில் நுழைந்து புதிய சான்றிதழ் எடுத்தார். ‘எக்ஸெம்ப்ட்’ என்று இருந்தது. அதை நீட்டிய பிறகுதான் அந்தத் தொகை எடுபட்டது.

பாயிண்ட் மட்டும் எடுபடவில்லை. திருத்திய எஸ்டிமேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். ஏன் விட்டுவிட்டு வேறு லெண்டரிடம் போகவில்லை என்று பலர் எங்களைக் கேட்டார்கள். டெக்சஸ் ஒப்பந்தத்தில் காரணமே சொல்லாமல் விலக முடிகிற ‘ஆப்ஷன் பீரியட்’ சில நாள்தான். அது முடிந்திருந்தது. லோனைக் காரணம் காட்டி விலகும் கெடுவும் தாண்டியிருந்தது. விற்பவர் தேதியைத் தள்ள மறுத்துவிட்டார். விட்டால் எர்னஸ்ட் மணி, அதாவது ஒப்பந்தத்தின்போது கொடுத்த முன்பணம், போகும், அபார்ட்மெண்ட் லீஸும் முடிகிறது, இரண்டு வயதுப் பிள்ளை வேறு. அந்த நெருக்கடி லோன் ஆஃபீசருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கட்டணம் கடைசி வாரத்தில் ஏறியதற்குக் காரணம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் லெண்டர்களை ஒப்பிடும் வேலையை ஆப்ஷன் பீரியட் முடிவதற்குள் முடியுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே, ஒரே நாளில், மூன்று இடங்களிலாவது லோன் எஸ்டிமேட் கேளுங்கள். வட்டி தினமும் மாறுவதால் வெவ்வேறு நாள் எடுத்த தாள்களை ஒப்பிட்டுப் பயனில்லை. ‘ஃபீ ஒர்க்‌ஷீட்’ என்று ஏதாவது அனுப்பினால் வேண்டாம், அது யாரையும் கட்டுப்படுத்தாது. பல பேர் கிரெடிட் பார்த்தால் ஸ்கோர் விழும் என்று பயமுறுத்துவார்கள். 14 நாளுக்குள் மார்ட்கேஜுக்காகப் பார்த்தவை எல்லாம் ஸ்கோர் கணக்கில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். மூன்று தாளையும் மேஜையில் வைத்து, வட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டாம் பக்க ‘ஏ’ பிரிவின் மொத்தத்தை எழுதிப் பாருங்கள். 6 சதவீதம் யார் சொன்னார்கள் என்பது அப்போது முக்கியமாகவே இருக்காது. “பாயிண்ட் இல்லாமல் உங்கள் வட்டி என்ன?” என்று எழுத்தில் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. லாக் செய்தால், எத்தனை நாளுக்கு, எத்தனை பாயிண்டுக்கு என்று அதையும் எழுத்தில் வாங்குங்கள். லோன் ஆஃபீசரின் என்எம்எல்எஸ் எண்ணை (மார்ட்கேஜ் லைசென்ஸ் பதிவு எண்) என்எம்எல்எஸ் பொதுத் தளத்தில் போட்டால் அவருடைய லைசென்ஸும், எந்தெந்தக் கம்பெனியில் இருந்தார் என்பதும் வரும்.

கிரெடிட் ஸ்கோர் 620 இல்லையென்றால் விஏ லோனே கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது லெண்டர் வைத்துக்கொள்ளும் விதி. விஏ குறைந்தபட்ச ஸ்கோர் எதுவும் வைக்கவில்லை. ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள்.

வீடு வாங்கி முடிந்ததும் தபால் வர ஆரம்பிக்கும். அரசாங்கக் கடிதம் மாதிரியே கழுகு முத்திரையோடு, ‘கடைசி அறிவிப்பு’ என்ற தலைப்போடு, ரீஃபைனான்ஸ் செய்யச் சொல்லி வரும். 2020-ல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் இப்படி ஏமாற்றும் தபால் அனுப்பிய பல கம்பெனிகள் மீது நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் எங்கள் பெட்டிக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. விஏ யாருக்கும் அப்படி எழுதிக் கடன் விற்பதில்லை.

அந்தப் பணியகத்திலும் டெக்சஸ் மாநில மார்ட்கேஜ் துறையிலும் புகார் கொடுத்தோம். கம்பெனி, கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டிப் பதில் எழுதியிருக்கிறது. பாயிண்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புகார் பதிவில் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தோம்.

கடைசியாக, ஏற்கனவே வீடு வாங்கிவிட்டவர்களுக்கு. க்ளோசிங் நேரத்தில் உங்கள் டிஸெபிலிட்டி க்ளெய்ம் நிலுவையில் இருந்து, பிறகு ரேட்டிங் வந்து, இழப்பீடு அமலுக்கு வரும் தேதி க்ளோசிங் தேதிக்கு முன்னால் விழுந்திருந்தால், கட்டிய ஃபண்டிங் ஃபீயைத் திரும்பக் கேட்கலாம். ரேட்டிங் கடிதத்தையும் க்ளோசிங் டிஸ்க்ளோஷரையும் எடுத்துவைத்துக்கொண்டு, லெண்டரையோ விஏ ரீஜனல் லோன் சென்டரையோ கூப்பிடுங்கள். யாரும் தானாக வந்து உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.