யோகாசனத் துணைக்கருவிகள்: கொழும்பில் நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

வெள்ளவத்தையில் கடலை அண்டிய அடுக்குமாடி வீடொன்றின் முன்னறையில், பிளாக்குகள் (செங்கல் வடிவக் கட்டைகள்), பெல்ட், போல்ஸ்டர் (நீண்ட தடித்த திண்டு), சில கம்பளிகள், ஒரு மடக்குக் கதிரை ஆகியவற்றின் துணையோடு பல ஆண்டுகளாக ஆசனப் பயிற்சி செய்து வருகிறேன். இவற்றுள் எது உண்மையில் பயன் தந்தது, எது அலமாரியில் இடத்தை மட்டும் பிடித்தது என்பதை, வாங்க எண்ணுபவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

முதலிடம் கம்பளிக்கே. கடைகளில் இதை யாரும் யோகாப் பொருளாக எடுத்துக் காட்டுவதில்லை. தோள்களில் நின்று கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனத்தில், இறுக மடித்து அடுக்கிய கம்பளிகளின் மேல் தோள்களும், அவற்றுக்கு வெளியே தரையில் தலையும் இருக்கும்படி படுத்து உடலை உயர்த்தினால், கழுத்து அளவுக்கு மீறி மடங்காது. பாரம் தோள்களிலும் மேற்கைகளிலும் இறங்கும். கால்களை நீட்டி அமர்ந்து முன்னே குனியும் பஸ்சிமோத்தானாசனத்தில் அதன் பயன் வேறு. தொடையின் பின்தசைகள் இறுகியவர் வெறுந்தரையில் அமர்ந்தால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் விழும். மடித்த கம்பளியின் விளிம்பில் அமர்ந்தால் இடுப்பு முன்னோக்கிச் சாய, முதுகு நீண்டே இருக்கும். நெற்றி முழங்காலைத் தொடுகிறதா என்ற கவலை நீங்கி, மூச்சைக் கவனித்தபடி சில நிமிடங்கள் நிலைக்க முடிவது இதனால்தான். குளிரான மலைநகர் நுவரெலியாவுக்குப் போகும் பயணத்துக்கு அன்றி வேறெதற்கும் கம்பளி தேவைப்படாத ஊர் இது. தடித்த பருத்தி விரிப்புகளும் போதும்.

பிளாக்குகளில் நுரை, தக்கை ஆகிய இரண்டு வகைகளையும் பயன்படுத்தியிருக்கிறேன். ஏறத்தாழ 9 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலத் தடிப்புக் கொண்ட பிளாக்கைப் புரட்டிப் புரட்டி மூன்று உயரங்களில் வைக்கலாம். கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் கையைத் தரைக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் மார்பு கீழே திரும்பிவிடுவதை, கணுக்காலுக்கு அருகில் நிறுத்திய பிளாக் தடுக்கிறது. நுரை வகை இலேசானது, விலையும் குறைவு. ஆனால் ஒரு காலிலும் ஒரு கையிலும் நிற்கும் அர்த்த சந்திராசனத்தில் பாரத்தைக் கையில் சாய்க்கும்போது அது அமுங்கி ஆடுகிறது. தக்கை ஆடுவதில்லை, வியர்த்த கையிலிருந்து வழுக்குவதும் இல்லை. அதன் விளிம்புகள் காலப்போக்கில் உதிர்கின்றன என்பது மட்டுமே குறை.

பெல்ட்டைப் பொறுத்தவரை துணியை விட அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமே முக்கியம். கடற்காற்றில் மலிவான இரும்பு வளையம் துருப்பிடித்துத் துணியிலும் கறையை ஏற்றிவிடுகிறது. துருப்பிடிக்காத உருக்கு வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். இத்தகைய கருவிகள் எல்லாம் மேல்நாட்டு வியாபாரம் என்று குறை சொல்பவர்கள், ஐயப்பன் திருவுருவிலும் யோக நரசிம்மர் சிலைகளிலும் முழங்கால்களைச் சுற்றியிருக்கும் யோகபட்டம் என்ற பட்டையை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். இன்று நாம் காணும் துணைக்கருவி முறையை விரிவாக வகுத்தவர் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014), 1975ஆம் ஆண்டில் புனேயில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த ஆசிரியர்களும் இம்முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றார்கள்.

போல்ஸ்டரை வாங்காமல், அளவு கொடுத்துத் தைப்பித்தேன். இலவம்பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டிபட்டுவிடுவதால், பருத்திப் பஞ்சை இறுக்கி அடைப்பதே நல்லது. கழற்றித் துவைக்கக்கூடிய உறை கட்டாயம் தேவை. தென்மேல் பருவமழைக் காலத்தில் மூலையில் சாத்தி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில் மாடியில் காய வைக்க வேண்டும். இத்தனை பராமரிப்பும் தகும் என்பதை, வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் வந்து சேர்ந்த மாலையில் அதன்மேல் முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரிக்கும் சுப்த பத்த கோணாசனத்தில் படுத்தவர் அறிவார்.

கதிரை இரும்பாலானதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரையின் கால்கள் பாரத்தில் விரிகின்றன.

துணைக்கருவிகளுக்குப் பழகினால் அவையின்றி ஆசனம் வராது என்ற ஐயத்தைப் பலர் எழுப்புகிறார்கள். என் அனுபவம் அதற்கு மாறானது. பிளாக்கின் உயரத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு படி குறைத்து, அதே ஆசனத்தை இடையிடையே கருவியின்றியும் செய்து வந்ததில், உடல் எங்கே ஏமாற்றுகிறது என்பது தெளிவாகப் புலப்பட்டது. முதுகை வளைக்க உதவும் வளையமான யோகா சக்கரம் மட்டும் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னொரு சோடி தக்கைப் பிளாக் வாங்கியிருக்கலாம்.