வீடு தேடி வந்த வலிதணிப்புப் பராமரிப்பு

டயாலிசிஸ் வேண்டாமென்று முடிவெடுத்த என் தாயாருக்காக, சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டிற்கே தாதியை அனுப்பிய இல்ல அந்திமகாலப் பராமரிப்புச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். முதல் வருகையிலேயே வலி, மூச்சுத்திணறல், அரிப்பு, தூக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டறிந்து, இப்போதைக்கு வாரம் ஒரு வருகை போதும், நிலை மாறினால் கூட்டுவோம் என்றார்கள். நோயின் பெயரைவிடத் தேவையைப் பார்த்துச் சேவையை வகுத்தது எனக்குப் பிடித்திருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மார்ஃபின் என்ற வலிநிவாரணியின் கழிவுகள் தேங்கிவிடும் என்பதை விளக்கி, தோலில் ஒட்டும் ஃபென்டனில் வலிநிவாரணிப் பட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ் பேசும் தாதி வந்தது எங்கள் அதிர்ஷ்டம்தான்.

குறை ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள 2023இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின்கீழ் அம்மா பதிந்திருந்த குடும்ப மருத்துவருக்கு மருந்து மாற்றங்கள் உடனுக்குடன் தெரிவிக்கப்படவில்லை. மருந்துப் பட்டியலை நானே இருமுறை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயினும், பின்னிரவு மூன்று மணிக்கு அழைத்தபோதும் மறுமுனையில் ஒரு தாதி இருந்தார்.