விட்ட தைராய்டு மாத்திரை: பழைய டோஸிலேயே தொடங்குவதா, படிப்படியாக ஏற்றுவதா?

"மூன்று மாதமாகப் போடவில்லை. இன்றிலிருந்து மறுபடி 100 மைக்ரோகிராமே போட்டுக்கொள்ளலாமா?" தைராய்டு மாத்திரையை இடையில் விட்டவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பழைய அளவிலேயே நேராகத் தொடங்குவது ஒரு வழி. குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டு போவது இன்னொன்று. எது பொருந்தும் என்பதை எத்தனை நாள் விட்டீர்கள், இதயம் எப்படி இருக்கிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

முதல் வழிக்கு நல்ல காரணம் உண்டு. தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோனான லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பத்து நாள் விட்டவருக்குப் பழைய இருப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். இடைவெளி ஆறு வாரத்துக்குள் இருந்து, நடுவில் இதயக் கோளாறு எதுவும் வராமல், எடையும் வெகுவாகக் குறையாமல் இருந்தால் பழைய அளவையே மருத்துவர்கள் பொதுவாகத் தருவார்கள். எடை எங்கே வந்தது என்றால், முழு டோஸ் என்பதே கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கு. 75 கிலோவில் 125 மைக்ரோகிராம் பொருத்தமாக இருந்தவர் 60 கிலோவுக்கு இறங்கியிருந்தால், அதே மாத்திரை இப்போது அவருக்கு அதிகம்.

மாதக்கணக்கில் விட்டவர், வயதானவர், நெஞ்சுவலிக்காரர் என்றால் கதை வேறு. ஹார்மோன் குறைந்த உடலில் இதயமும் மெதுவாகத் துடித்துப் பழகியிருக்கும். திடீரென ஹார்மோன் ஏறினால் அது வேகமாகத் துடிக்கும், அதற்கு ஆக்சிஜனும் கூடுதலாகத் தேவைப்படும். இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் அங்கேதான் சிக்கல்: நெஞ்சுவலி, சீரற்ற துடிப்பு. அதனால்தான் இவர்களுக்கு 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மருந்து மெல்ல மெல்லச் சேர்கிறது; முழு அளவை எட்ட ஆறு வாரம்வரை பிடிக்கும். முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லையே என்று நிம்மதியாக இருந்தவருக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு என்று வரலாம். அப்போது அதை மாத்திரையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. டென்ஷன் என்று விட்டுவிடுவோம். சிலருக்கு முதல் சில மாதங்களில் முடி கொட்டுவதும் உண்டு, பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

மெதுவாக ஏற்றுவதற்கும் விலை இருக்கிறது. சோர்வும் மலச்சிக்கலும் குளிரும் மாதக்கணக்கில் கூடவே வரும். இதயத்தில் பிரச்சினை இல்லாத இளம் வயதினரை அப்படி இழுத்தடிப்பது தேவையில்லை என்பது என் எண்ணம். கர்ப்பிணிகளுக்கோ காத்திருக்க நேரமே கிடையாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, இன்னொரு வகைத் தைராய்டு ஹார்மோனான, சீக்கிரம் வேலை செய்யும் டி3 மாத்திரை? சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் உச்சத்துக்குப் போய்விடும், படபடப்பும் அதே வேகத்தில் வரலாம். மறுபடி தொடங்குகிறவர் தானாகத் தேர்ந்தெடுக்கும் வழியல்ல அது.

எந்த வழியானாலும் சிலர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் வீரியம் கூடும். சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் தேவை ஏறலாம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி பலவீனமாக இருப்பவருக்கு அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை தொடங்குவது உயிருக்கே ஆபத்து.

அப்புறம், விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்து இரண்டு மூன்றாகப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையையும் அடுத்த வாரமே எடுத்துக் குழம்ப வேண்டாம்; ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் அந்த எண்ணுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.